அம்மா கணக்குச் சொல்லாத பணம்

அம்மாவுக்குப் பணம் வந்த செய்தி அப்பாவின் சட்டைப் பையில்தான் ஒலிக்கும். மகளிர் உரிமைத் தொகைக்கு முகாமில் விண்ணப்பம் கொடுத்தபோது அம்மாவிடம் போன் இல்லை. வீட்டுக்கு ஒரு நம்பர் போதும் என்று அப்பாவின் நம்பரையே எல்லா இடத்திலும் எழுதினார்கள். பணம் அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் போகும், சேதி அப்பாவுக்கு வரும். அவர் அதைப் படித்துவிட்டு, "உன் துட்டு வந்துடுச்சும்மே" என்பார், தானே சம்பாதித்து அனுப்பியதைப் போல.

அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். காலடிப்பேட்டையில் ஒரு மாடி வீட்டின் பின்பக்கம் குடியிருந்தோம். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டினார். துறைமுகத்துக்குள் நுழைய வண்டிகள் வரிசை கட்டிவிட்டால் இரண்டு நாள் கூட வீட்டுக்கு வரமாட்டார். அம்மா காசிமேட்டில் ஒரு ஷெட்டில் இறால் உரித்தாள். அந்தக் கூலி என் பள்ளிக்கூடச் செலவு, மருந்து, வாடகையில் விழும் துண்டு என்று கைக்கு வருமுன்பே போய்விடும். அதற்கும் அப்பாவிடம் கணக்குச் சொல்ல வேண்டும். அப்பா கெட்டவர் இல்லை, குடிக்க மாட்டார். கணக்கு மட்டும் கேட்பார்.

முதல் மாதம் அந்த ஆயிரம் ரூபாயை எடுக்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஏடிஎம் வாசலில் நின்று அந்த நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அதோடு சரி. வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தில் அப்பா அடுத்த முறை ஆயிரத்தைக் குறைத்துக்கொண்டார்.

"இன்னாய்யா, கொறையுது?"

"அதான் கவர்மென்ட்டு குடுக்குதுல்ல."

"அது எனுக்குக் குடுத்துதா, உனுக்குக் குடுத்துதா?"

"ஊட்டுக்குத்தானே குடுக்கறாங்க. நீ வேற, ஊடு வேறயா?"

அம்மா அந்தப் பணத்தை இன்னொரு முறை எண்ணினாள். அரிசி ஏறியிருந்தது, எண்ணெய் ஏறியிருந்தது, கேஸ் சிலிண்டரைத் தூக்கி வருகிறவருக்குக் கொடுப்பதும் ஏறியிருந்தது. விலைவாசி ஏறிப்போனதென்று அரசாங்கம் அம்மாவுக்குப் பணம் அனுப்பியது. அம்மாவின் கையில் பழைய தொகையேதான் இருந்தது. விலைவாசி எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும் இறங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் நானும் பால் வாங்கப் போனோம். டீக்கடை பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அப்பா தன் தோஸ்திடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கவர்மென்ட்டு எனுக்கு மாசம் ஆயிரம் ரூபா மிச்சம் பண்ணிக் குடுக்குது மாமு. அந்தத் துட்டுல வாரா வாரம் பிரியாணி துன்னுகினு கீறேன்."

இருவரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் அந்த மாதம் கோழிக்கறி எடுக்கவில்லை. அம்மா பால் பாக்கெட்டைப் பிடித்திருந்த பிடியில் அது வெடித்துவிடும் என்று நினைத்தேன். வெடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "பேங்க்ல போன் நம்பர மாத்தணும்னா இன்னா பண்ணணும் பாப்பா?" என்று கேட்டாள்.

கூட வேலை செய்யும் பெண்ணிடம் ஒரு பழைய பட்டன் போனை வாங்கிப் புது சிம் போட்டு, அப்பா கண்ணில் படாமல் ஷெட்டிலேயே வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் இருவரும் வங்கிக்குப் போய் நம்பரை மாற்றினோம். வெளியே வந்ததும், "உங்கப்பன் கேட்டா நீ ஒன்னியும் பாக்கல" என்றாள். பெரிய ரகசியம் ஒன்றில் என்னைச் சேர்த்துக்கொண்டதாக எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மாதம் அப்பாவின் பை ஒலிக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மே, சேதி வர்ல? நிறுத்திட்டானுங்களா?"

"எனுக்கு இன்னா தெரியும்? போனு உன்னாண்டதானே கீது."

அம்மா பொய் சொல்லவில்லை, அப்பாவின் போன் அப்பாவிடம்தான் இருந்தது. அப்பா அரசாங்கத்தைத் திட்டினார். திட்டிக்கொண்டே பழையபடி முழுச் செலவுப் பணத்தையும் கொடுத்தார். சில மாதங்கள் அப்படிப் போயின. அந்த மாதங்களில் அம்மா வேலைக்குப் போகும்போது முதுகு நிமிர்ந்திருந்ததாக எனக்கு ஒரு ஞாபகம்.

அப்புறம் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தெருவில் எல்லோர் வீட்டுக்கும் வருகிறது, தன் வீட்டுக்கு மட்டும் எப்படி நிற்கும்? பள்ளிக்கூடத்தில் குறை கேட்கும் முகாம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வண்டிக்கு லீவு சொன்னார்.

"வுடுய்யா. போனா போவுது" என்றாள் அம்மா.

"இன்னாம்மே பேசற? உரிமைத் தொகைன்னு பேரு வெச்சிக்கீறான். உரிமைன்னா கேட்டு வாங்கணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மனு எழுத ஆள் வேண்டும் என்று அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் நான் பத்தடி பின்னாலேயே நடந்தேன்.

முகாமில் முழுக்கப் பெண்கள். ஆண் என்று வரிசையில் நின்றவர் அப்பா ஒருவர்தான். எங்கள் முறை வந்ததும் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண்ணிடம் ஆரம்பித்தார். "எறா உரிச்சி கையெல்லாம் புண்ணா கீது அவளுக்கு. அவளுக்கு இல்லாத உரிமை வேற யாருக்குக் கீது? யாரக் கேட்டு நிறுத்துனீங்க?" குரல் ஏற ஏற, பின்னால் நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். "பொண்டாட்டிக்காக இப்டி வந்து நிக்கறாரு பாரு. எங்கூட்டுலயும் ஒண்ணு கீதே" என்றாள் ஒருத்தி. அம்மாவின் கைகளைப் பற்றி அப்பா பேசி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அம்மா அங்கே இல்லை.

கம்ப்யூட்டர் பெண் எங்கள் ரேஷன் அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "நிக்கலீங்களே. மாசா மாசம் போய்க்கிட்டுத்தான் இருக்கு. இந்த மாசமும் போயிடுச்சு."

"சேதி வர்லியே?"

"அது பேங்க்ல நம்பர் மாத்தியிருப்பாங்க. வீட்ல கேளுங்க சார்."

சற்றுமுன் அப்பாவைப் புகழ்ந்தவளே முதலில் சிரித்தாள். சிரிப்பு வரிசையின் கடைசிவரை போனது. தெருவுக்கு வந்ததும், "உனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அப்பா. ஆமாம் என்று தலையாட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். வேகமாக நடந்தார், அவ்வளவுதான்.

அம்மா குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளை உள்ளே கூப்பிடவில்லை. அங்கேயே கேட்டார்.

"அந்தத் துட்ட இன்னா பண்ண?"

அம்மா குடத்தை நகர்த்தி அடுத்ததை வைத்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். இன்னா பண்ண?"

"செலவு பண்ணேன்."

"இன்னா செலவு?"

"சொல்ல மாட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். அவ்வளவு கோபத்தை நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை. ஆனால் கத்தவில்லை. "எறா உரிச்ச கூலிக்குக் கணக்குச் சொன்னேன். எங்கம்மா பொங்கலுக்குக் குடுத்ததுக்குக் கணக்குச் சொன்னேன். மெடிக்கல்ல சில்லறைக்குப் பதிலா முட்டாய் குடுத்தாங்க, அதுக்கும் உங்கிட்டக் கணக்குச் சொன்னேன். இதுக்குச் சொல்ல மாட்டேன். நான் வேற ஊடு வேறயான்னு கேட்டல்ல? வேறதான்."

அப்பா ஒரு குடத்தை எட்டி உதைத்தார். தண்ணீர் சந்து முழுக்க ஓடியது. போய் வண்டியை எடுத்தவர் மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது செலவுப் பணத்தைக் கையில் கொடுக்காமல் டிவி மேல் வைத்தார். குறைக்கவில்லை. அதன்பிறகு அவர் அதைக் குறைத்ததேயில்லை. அந்தப் பணத்தைப் பற்றிப் பேசியதுமில்லை. சாப்பாட்டைக்கூட ரொம்ப நாள் அம்மா பரிமாறாமல் தானே போட்டுச் சாப்பிட்டார். தோற்றவர் அவர்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

தெரியாதது வேறொன்று. அப்பா வீட்டில் இல்லாத அந்த மூன்று நாளில் ஒரு சாயங்காலம், அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் அவள் கட்சி இல்லையா? "என்னாண்டயாவது சொல்லும்மா. இன்னா பண்ண அந்தத் துட்ட? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அம்மா கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள். குழாயடியில் அப்பாவைப் பார்த்த அதே பார்வை. "நீயுமாடி?" என்றாள். அவ்வளவுதான். அன்று இரவு சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. வங்கிக்குக் கூட வந்தது நான், முகாமில் அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவே நின்றது நான். என்னிடம் என்ன கோபம்? மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் தேட ஆரம்பித்தேன். புடவை மடிப்புகளில், அரிசி டப்பாவில், சாமி படத்துக்குப் பின்னால், அவளுடைய பழைய ஹேண்ட்பேக்கில். ஒரு கம்மலாவது, சீட்டுக் கட்டிய ரசீதாவது, எனக்கென்று எடுத்து வைத்த ஏதாவது கிடைக்கும் என்று நம்பினேன். ஒன்றுமில்லை. எங்கேதான் ஒளித்திருப்பாள் என்று அவள்மேல் இன்னும் எரிச்சல் வந்தது. அப்பா குழாயடியில் நின்று கத்திக் கேட்டதைத்தான் நான் அம்மாவின் புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.