நோக்ஸோலோவுடன் நான் போட்ட சண்டை

துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் நாங்கள் இருந்த ஃப்ளாட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றதில் கேப் டவுனிலிருந்து வந்த ஓர் ஆன்ட்டி. நர்சரி ஒன்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அம்மா அவரை ‘சிஸ்டர்’ என்பாள். அம்மாவின் ஆங்கிலம் வேறு, அவருடைய ஆங்கிலம் வேறு. ஆனாலும் சமையலறையில் இருவரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆன்ட்டிக்கு என்னைப் போலவே எட்டு வயதில் ஒரு மகள். ஊரில் தன் சித்தியோடு இருந்தாள். பெயர் நோக்ஸோலோ. அது எழுதுவதற்குத்தான், சொல்லும்போது நடுவில் நாக்கைக் கன்னத்தோரம் சொடுக்க வேண்டும். “வண்டிமாட்டை முடுக்குற சத்தமாச்சே இது!” என்று அம்மா சிரித்தாள். நான் இரண்டே நாளில் கற்றுக்கொண்டேன்.

தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஆன்ட்டியின் போனில், வீடியோ காலில், தெரிந்த ஆங்கிலத்தில் பேசுவோம். அவள் வீட்டுக்குச் சுவரும் தகரம், கூரையும் தகரம். அப்படி ஆயிரக்கணக்கான வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் சேரி அது; அங்கே டவுன்ஷிப் என்பார்கள். தெருவுக்கு ஒரு குழாய். நான் புதுப் பென்சில் பெட்டியைக் காட்டினால், அவள் சித்தியின் தண்ணீர் வாளியைத் தலையில் தூக்கிவைத்துக் காட்டுவாள். எங்கள் வீட்டுக்குள்ளேயே மூன்று குழாய் இருக்கிறது என்று நான் பீற்றிக்கொண்டது இன்றும் உறுத்துகிறது.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே பட்டாசு வெடித்தது போலச் சத்தம். திரையில் கூரை மட்டும் தெரிந்தது. ஆன்ட்டி தன் மொழியில் ஏதோ கத்தினார். சற்று நேரம் கழித்து நோக்ஸோலோவின் முகம் வந்தது. கன்னத்தைத் தரையில் ஒட்டி, உதட்டில் விரலை வைத்திருந்தாள். அவள் முதுகின் மேல் சித்தியின் கை. விளையாட்டு என்று நினைத்து நானும் எங்கள் டைல்ஸ் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். “இன்னிக்கும் அதே விளையாட்டு விளையாடலாமா?” என்று மறுநாள் கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

அந்த மாதமே ஒரு காலையில், குழாயடி வரிசையில் நின்றிருந்த அவள் சித்தி மேல் குண்டு பாய்ந்தது. யாரோ இரண்டு கும்பல்களின் சண்டை. அந்தப் பெண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. “ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்ல, தொந்தரவு பண்ணாதடி” என்று மட்டும்தான் அப்போது என்னிடம் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அடக்கத்துக்குப் போக லீவு ‘மாஃபி’, கிடையாது என்று நர்சரியில் கையை விரித்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். அவர் தோளைப் பிடித்தபடி அம்மா. திரையில் தெருவை அடைத்து ஒரு பெரிய பந்தல். அண்டா அண்டாவாகச் சமையல். எல்லோரும் அசைந்து அசைந்து பாடிக்கொண்டிருந்தார்கள். நோக்ஸோலோ புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள்.

“யாருக்கும்மா கல்யாணம்?”

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

யாரோ போனை நோக்ஸோலோவிடம் கொடுத்தார்கள். நான் கையசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு வாரமாகப் பேசவில்லை, இப்போது புதுச்சட்டைத் திமிர் வேறா! அவள் தன் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஆன்ட்டி எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். என்னைப் பற்றித்தான் ஏதோ கோள் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. திரைக்கு நேராக முகத்தை நீட்டி, “உன்னோட டூ!” என்றேன். தமிழில் சொன்னது அவளுக்கு எங்கே புரியும்?

மாதக் கடைசியில் ஆன்ட்டி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பே வரவில்லை.

அன்று நோக்ஸோலோ கேட்டது என்னவென்று, நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். ஊருக்குப் போகும் முன் ஆன்ட்டியே அம்மாவிடம் சொன்னாராம்.

“இனிமே ராத்திரி நான் யார்கூடம்மா தூங்கறது?”

அவள் அதைக் கேட்டு முடித்த சற்று நேரத்துக்கெல்லாம், நான் கோபமாகப் போய் டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன்.