வேலியோரச் சுண்டைக்காய்

தொண்ணூற்றொன்றில் மண்ணூரில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு மேரியக்காவோடு எனக்குப் பேச்சு கிடையாது. வேலியோரம் நின்ற அவருடைய சுண்டைச் செடியின் முள் என் புடவைகளைக் கிழித்தது. வெட்டச் சொன்னேன்; சண்டையாகிவிட்டது.

ஒரு மதியம் என் இரண்டு வயது மகன் அந்த வேலியோரம் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான். வாயெல்லாம் பச்சைச் சாறு. சுண்டையை ஒட்டியே, பூஜைக்கென்று நான் வைத்த மஞ்சள் அரளியும் காய்த்திருந்தது. அந்தக் காய் விஷம். எதைத் தின்றான் என்று தெரியவில்லை. கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக உடனே பஸ்ஸும் இல்லை. அலறிவிட்டேன்.

மேரியக்கா ஓடிவந்தார். அவன் வாய்க்குள் விரலை விட்டு, மென்றதையெல்லாம் வழித்தெடுத்தார். அதில் கொஞ்சத்தைத் தன் நாக்கில் வைத்து மெதுவாக மென்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பொடி விதை பல்லுல நறநறங்குது. சுண்டக்காதான். ஒண்ணும் ஆவாது, அழாத."

மகனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டேன். "அரளியா இருந்திருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

"இன்னா பண்றது, மூணு பேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம்," என்றபடி வாயைக் கொப்பளித்தார்.

அன்று சாயங்காலமே என் அரளியை வேரோடு வெட்டினேன். இப்போதும் யாரோடாவது மனத்தாங்கல் வந்தால், மேரியக்கா மென்றுகொண்டு நின்ற அந்த ஒரு நிமிடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.