ஒன்றிலிருந்து ஆரம்பி

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் மூன்றாம் மாடியில் பேசினால் கீழே என் ஆய்வுக்கூடத்தில் கேட்கும். அப்படியொரு தொண்டை! நான் அறிவியல் டீச்சர். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வராத பதினாறு பேருக்கு அக்கா மாலையில் தனி வகுப்பு எடுப்பார். பதினாறும் பதினாறு விதம். ஒருத்திக்கு வகுத்தலே தகராறு, ஒருவனுக்குப் பின்னத்தைக் கண்டாலே குலைநடுக்கம். அதனால் தினமும் ஒரே தாளில் பன்னிரண்டு கணக்கு எழுதுவார். முதல் கணக்கு மூன்றாம் வகுப்புக்கானது, கடைசி ஒன்பதாம் வகுப்புக்கானது. யார் எந்த எண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதைப் பெஞ்சு பெஞ்சாகப் போய் அவரவர் காதோடு சொல்வார். யாருக்கும் மானம் போகாது.

ஒருநாள் அசதி. கரும்பலகைப் பக்கமிருந்தே கத்திவிட்டார்: "ஏய் நெட்டை, நீ ஒண்ணுலேருந்து ஆரம்பி!"

நெட்டை வகுப்பிலேயே உயரமான பெண். வகுப்பு கொல்லென்று சிரித்தது. மறுநாள் முதல் அவள் மாலையில் வரவில்லை. பகல் வகுப்பில் குனிந்த தலை நிமிராது. கூப்பிட்டால், "தலைவலி டீச்சர்" என்று நழுவுவாள்.

"என் வாயைத் தைக்கணும்டி. அவ கணக்கே வேணாம்னு விட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார் அக்கா.

"இப்பத் தைச்சு என்ன பிரயோஜனம்?" என்றேன் சுருக்கென்று. என் நாக்கு மட்டும் என்ன யோக்கியம்! அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

அன்றிலிருந்து அவளுக்கான தாளை அவளுடைய தோழி ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினார். "போடறாளா?" என்று கேட்பார். "தெரியல டீச்சர், வாங்கிப் பையில வெச்சுக்கறா" என்பாள் தோழி. அவள் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர இடத்தில் வேறு யாரையும் உட்காரவிடவில்லை. படிக்கட்டில் காலடி கேட்டால் சாக்பீஸ் அப்படியே நிற்கும். வேறு யாராவது வருவார்கள். அவர் ஏங்குவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தோழி ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அத்தனை தாளும் இருந்தன. முதல் தாளில் முதல் கணக்கு மட்டும் போட்டிருந்தாள்; அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்திருந்தது. அடுத்தடுத்த தாள்களில் இரண்டு, மூன்று என்று ஏறியிருந்தாள். கடைசித் தாளின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள்: 'இன்னைக்கு ஏழுலேருந்து ஆரம்பிச்சேன் டீச்சர். சத்தமா சொல்லிடாதீங்க.'

அக்கா கத்துவதற்கு வாயைத் திறந்தவர், இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். கண்ணில் பொலபொலவென்று நீர் வழிந்தது. தாளை என் பக்கம் திருப்பினார்.

மறுநாள் மாலையும் ஜன்னலோரம் காலிதான். அக்கா புதுத் தாளின் மேலே பொடியாக 'எட்டு' என்று எழுதி, மடித்துத் தோழியிடம் நீட்டினார்.

"வரச் சொல்லட்டுமா டீச்சர்?"

அக்கா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். பக்கத்திலேயே நின்ற எனக்குக்கூடக் கேட்கவில்லை.