பதினெட்டுச் சாக்குப் பந்தல்

என் கல்யாணப் பந்தலில் பாதியைக் காணோம். காரணம் நானேதான்.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரே பெண் நான். அந்தத் திமிர் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பன்னிரண்டடி நீளம், பன்னிரண்டடி அகலத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பிரித்துத் தைத்த அரிசிச் சாக்கு ஒன்பது பிடித்தது.

"நமக்கு நீளமும் ரெண்டு மடங்கு, அகலமும் ரெண்டு மடங்கு வேணும். எத்தன சாக்கும்மா?" என்றார் அப்பா.

"பதினெட்டு" என்றேன், கண் இமைக்காமல். வாத்தியார் மாப்பிள்ளைக்கு ஏற்ற கெட்டிக்காரி என்று அப்பா லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். மாப்பிள்ளை கணக்கு வாத்தியார் வேறு!

கல்யாணத்தன்று காலை பதினெட்டையும் கட்டிப் பார்த்தால் முன்பாதிதான் மூடியிருந்தது. பின்பாதியில் வானம். தூறலும் பிடித்துக்கொண்டது.

"மிச்சம் எங்கம்மா?"

"சாக்கு சுருங்கிருச்சுப்பா."

வாசலில் நின்று கண்ணாலேயே அளந்தேன். பக்கத்து வீட்டுப் பந்தலை இங்கே ஒன்று வைக்கலாம், அருகில் ஒன்று, பின்னால் இன்னும் இரண்டு. ஆக நாலு பந்தல், முப்பத்தாறு சாக்கு! அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று பயமாக இருந்தது.

பெரியம்மாதான் வழி சொன்னார். கொழுந்தெடுக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்குச் சாக்கு வீட்டுக்கு வீடு உண்டே!

"இடுப்புல கட்டுனத மாப்பிள்ள தலைக்கு மேலயா கட்டுவீங்க?" என்று அம்மா கத்தினார்.

"மழைக்கு இடுப்பு தெரியுமா, தல தெரியுமா? சும்மா இரு புள்ள" என்றார் பெரியம்மா.

தேயிலைக் கறையோடு பதினெட்டுப் படங்கும் மேலே ஏறின.

வட்டவளையில் ரயிலேறி வந்த மாப்பிள்ளை, மணவறையில் உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது. ஐயோ, எண்ணுகிறார்! அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. தாலி கட்டி முடித்ததும் என் பக்கம் சாய்ந்து, "ஏன் ரெண்டு தினுசு சாக்கு?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒம்பது சாக்குப் பந்தல நீளத்துலயும் அகலத்துலயும் ரெண்டு மடங்காக்குனோம். நான் பதினெட்டுன்னு சொல்லிட்டேங்க, பத்தல."

விரல் மடக்கி யோசித்தார். "ஈரொம்பது பதினெட்டு. ஒன் கணக்கு சரிதான். தச்சவன்தான் பாதிய அமுக்கியிருப்பான்."

தைத்தவர் என் அப்பா. ஆனாலும் மானம் பிழைத்த சந்தோஷத்தில் "ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டேன். அவரிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகளை நினைத்தால்தான் பாவமாக இருந்தது.