துப்பாக்கி இறாலும் மதாமின் ஆமெனும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றியிருக்கிறேன்... மேல் வீட்டு சுரேஷிடமிருந்து போன்.

"மேடம், கொஞ்சம் ஓடி வாங்க. டேங்க் வெடிக்கப் போகுது!"

ஓடினேன். ஹாலில் பக்கெட், மக், வீட்டிலிருக்கிற துண்டெல்லாம் தரையில். சுரேஷின் மனைவி ரம்யா சோபா மேல் ஏறி நிற்கிறாள். புதிதாக வைத்த கடல்நீர்த் தொட்டி — பவளம், வண்ண மீன், விளக்கு என்று சம்பளத்தை முழுங்கிய தொட்டி — அதிலிருந்து 'டொக்'. கொஞ்சம் விட்டு மறுபடி 'டொக்'.

"கண்ணாடி விரியுது மேடம்..."

காதை வைத்துக் கேட்டேன். சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே கண்ணில் தண்ணீர். ரம்யா பயந்தே போனாள். அவ்வளவு மோசமா என்று!

மோசமெல்லாம் இல்லை. கடலிலிருந்து வந்த கல்லுக்குள் ஒளிந்து ஓசியில் வந்திருக்கும் பிஸ்டல் இறால் அது. ஒரு கொடுக்கு மட்டும் பெரிசாக இருக்கும். அதைப் படாரென்று மூடினால் தண்ணீரில் ஒரு குமிழி கிளம்பி வெடிக்கும். அந்தச் சத்தம்தான். ஆள் விரல் நீளம்கூட இல்லை, சத்தம் ஊருக்கே கேட்கும். (நம் சொந்தக்காரர்களில் யார் ஞாபகம் வருகிறதோ, அவரவர் மனசோடு வைத்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு ஞாபகம் வந்தது சைகோன்.

மேப்பில் ஹோ சி மின் சிட்டி. அங்கே இருப்பவர்கள் வாயில் இன்னும் சைகோன்தான். என் வீட்டுக்காரருக்கு டான் சோன் நாட் விமான நிலையத்தில் கார்கோ வேலை. குடியிருந்தது கான் ஹொய் பகுதியில், பழைய துறைமுகத்துப் பக்கம். நெருக்கியடித்த சந்து, எதிரே ஒரு புத்தர் கோயில், மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்கார அம்மா... மதாம் தெரேஸ்.

மதாமின் குடும்பம் காரைக்காலிலிருந்து போனது. அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் குமாஸ்தா. எழுபத்தைந்தில் போர் முடிந்து ஊர் கைமாறியபோது சொந்தமெல்லாம் பிரான்ஸுக்குக் கிளம்பிவிட, இவர் மட்டும் தங்கிவிட்டார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

முதல் நாளே சட்டம் சொல்லிவிட்டார். "மார்க்கெட்டுக்கு வியட்நாம் பாஷை. ஜெபத்துக்கு பிரெஞ்சு. ஏசுறதுக்குத் தமிழ்தாம்மா. தமிழ்ல ஒருத்தர ஏசி எத்தன வருசமாச்சு தெரியுமா? நல்ல வேளை, நீங்க வந்தீங்க."

ஆசை தீர ஏசினார். குழம்பில் உப்பு கூடினால் ஏச்சு, குடை மறந்தால் ஏச்சு. ஆனால் அந்த ஊர் ரோட்டை என்னைத் தாண்டவைத்தவர் அவர்தான். மோட்டார் பைக் வெள்ளம் நிற்கவே நிற்காது. "ஓடாத. நிக்காத. ஒரே சீரா நட, அவன் ஒதுங்கிப் போவான்" என்பார். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நடப்பேன். இருந்த வருஷமெல்லாம் அப்படித்தான் நடந்தேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அங்கேதான் கடல் தொட்டிப் பித்து பிடித்தது. ஒரு நாள் ஒரு ஜோடியோடு வந்தார். வரி போட்ட ஒரு பிஸ்டல் இறால், கூடவே கோபி என்ற மீன். (என் கொழுந்தனார் பெயரும் கோபி. "கோபிக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்று இவர் கேட்கும்போதெல்லாம் ஊரிலிருந்து எப்போது வந்தார் என்று திரும்பிப் பார்ப்பேன்.)

அந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. மணலில் வளை தோண்டிக்கொண்டே இருக்கும். கோபி வாசலில் காவல். வெளியே வரும்போது இறால் தன் மீசை ஒன்றைக் கோபியின் மேல் வைத்துக்கொண்டேதான் வரும். கோபி வாலை ஆட்டினால் ஆபத்து... இரண்டும் உள்ளே!

பார்க்க மதாமைக் கூப்பிட்டோம். இவர் பெருமையாகச் சொன்னார். "பிஸ்டல் ஸ்ரிம்ப், மதாம். நம்ம தமிழ்ல சொன்னா, துப்பாக்கி இறால்!"

அந்த நேரம் பார்த்து 'டொக்'.

மதாம் கையிலிருந்த காபி தரையில். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. முகம் வெளுத்துவிட்டது.

"அது இங்க வேணாம் வள்ளி. ஒண்ணு அது போவட்டும். இல்லன்னா நீங்க வேற வீடு பாத்துக்குங்க."

"மதாம், அது வெறும் இறாலு..."

"எழுவத்தஞ்சுல இந்தச் சத்தம் போதும் போதும்னு கேட்டாச்சு. பூரா நாளும் டொக்கு டொக்குன்னு. ரொட்டி வாங்கியாறேன்னு போனான் எந்தம்பி. எல்லாரும் பிளேன் ஏறுனாங்க. நா எப்புடிப் போவேன்? அவன் வந்து கதவத் தட்டுனா, தெறக்க ஆளு வேணாமா?"

கேட்கத் தைரியமில்லாத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வீடு போனால் வேறு வீடு. ஆனால் மதாம் இல்லாமல் அந்த ஊரில் எனக்கு எதிர்ப்பக்கத்துக் கடைக்குக்கூடப் போகத் தெரியாது. "இறாலைத் திருப்பிக் கொடுங்க" என்றேன் இவரிடம். மனுஷர் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் தலையாட்டினார்.

பிடிக்க வேண்டுமே! கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். அடியில் பார்த்தால் பகீரென்றது. இவர் மணலைக் கொட்டி அதன்மேல் கல்லை அடுக்கியிருந்தார். இறால் கீழே தோண்டித் தோண்டி, பெரிய கல் அந்தரத்தில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இறால் சட்னி, கண்ணாடியும் காலி. மதாம் துரத்தியதால்தான் அது பிழைத்தது.

மீன் கடைக்கு மதாமும் வந்தார். பேரம் பேசி வாபஸ் கொடுக்க எங்களுக்கு ஏது பாஷை? டப்பாவைத் தொடவில்லை, தள்ளியே நின்றார். கடைக்காரப் பெண்ணிடம், இந்தத் துப்பாக்கி வேண்டாம் என்று வியட்நாம் பாஷையில் சொன்னார்.

அந்தப் பெண் சிரித்தாள். "துப்பாக்கியா? நாங்க டோம் கோ மோன்னு சொல்வோம்." சொல்லிவிட்டு, பேனாவால் மேஜையில் தட்டிக் காட்டினாள். டொக்... டொக்... டொக்.

மதாம் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மதாம்?" என்றேன்.

"டோம்னா இறாலு. மோன்னா... எதுத்த கோயில்ல பிக்கு விடியக்காலைல தட்டுவாரே, ஒரு மரக்கட்ட. மோ தட்டுற இறாலாம். இத்தன வருசமா அந்தச் சத்தத்துலதாண்டி நான் கண்ணு முழிக்கிறேன்."

டப்பாவை வாங்கி முதல்முறையாக உள்ளே பார்த்தார். அப்புறம் எங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். தமிழ் வந்தது பாருங்கள்!

"துப்பாக்கியாம்ல துப்பாக்கி! பூச பண்ற பிராணிக்கு வச்ச பேரப் பாரு. வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? நடங்க மாப்ள, வூட்டுக்கு!"

ரோட்டைத் தாண்டும்போது டப்பா மதாமின் கையில். அவர் சட்டை நுனி என் கையில்.

இந்தத் தடவை கல்லை முதலில் அடிக்கண்ணாடியில் ஆடாமல் உட்காரவைத்து, அப்புறம்தான் மணல். வளை கட்ட உடைந்த சிப்பி, பொடிக் கல். கோபி துள்ளி வெளியே விழாதபடி மேலே வலை மூடி. தீனியை வளை வாசலிலேயே போடுவது. குட்டி இறால்களை அதோடு சேர்த்து விடாமல் இருப்பது. வேடிக்கைக்காகக் கையை விடாமல் இருப்பது. இவ்வளவுதான் ரகசியம்.

பெயர் மாறினால் பயம் ஓடிவிடுமா? ஓடவில்லை. ஆரம்பத்தில் ஒவ்வொரு 'டொக்'குக்கும் மதாமுக்குத் தூக்கிவாரிப் போடும். சுதாரித்துக்கொண்டு, சிலுவை போட்டு, "ஆமென்" என்பார். புத்தர் கோயில் கட்டைக்குக் கத்தோலிக்க ஆமென்! போகப் போக சிலுவை நின்றது, திடுக்கிடல் நின்றது. ஆமென் மட்டும் நிலைத்துவிட்டது. நாங்களும் பழகிவிட்டோம். சோறு பரிமாறிக்கொண்டே ஆமென், குழம்பு தாளித்துக்கொண்டே ஆமென்.

ஊர் திரும்பும்போது தொட்டியை மதாமிடமே விட்டோம். விமான நிலைய வாசலில் அவர் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஏசவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் போன் செய்யும்போதெல்லாம் போனைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடிப்பார். "கேக்குதா வள்ளி?" கேட்கும். ஒரு நாளிலிருந்து அந்த போனை யாரும் எடுக்கவில்லை. பிரான்ஸிலிருந்து அவர் தங்கை மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். கதவைத் தட்ட அந்தத் தம்பி கடைசிவரை வரவே இல்லை.

சரி, சுரேஷ் வீட்டுக்கு வருவோம். குத்தி உடைக்கிற மாண்டிஸ் இறால் வேறு, இது வேறு, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி, அதன் கொடுக்கையும் காட்டி, ரம்யாவை சோபாவிலிருந்து இறக்கினேன். கல்லையெல்லாம் எடுத்து ஒழுங்காக வைக்கச் சொன்னேன்.

"பிடிச்சுத் தூக்கிப் போட்டுடலாமே மேடம்?" என்றான் சுரேஷ்.

தொட்டிக்குள்ளிருந்து 'டொக்'.

நெற்றி நிறையத் திருநீறோடு நான் வாய் தவறி "ஆமென்" என்றேன்.

ரம்யா மெல்லக் கேட்டாள். "மேடம்... நீங்க எப்ப மாறினீங்க?"