இளைத்துப்போன நீலப் பெட்டி

சோப்புத்தூள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அவருக்கு 'நூலு' என்று பெயர். பதினெட்டு வருடமாக ஆறாவது தட்டுப் பெட்டிகளை அண்ணாந்து பார்த்தே, நூல் இடைவெளி விட்டு வண்டியை நிறுத்துபவர். அந்த வாரம் மட்டும் மூன்று முறை இடித்துவிட்டார். கீழே நின்ற மேற்பார்வையாளர் தலையில் சோப்புத்தூள் கொட்டியது. மனிதர் அவ்வளவு வெள்ளையாக அதுவரை இருந்ததில்லை. அதுவரை சிரித்ததுமில்லை, அன்றும் சிரிக்கவில்லை.

"கண்ணு போச்சுய்யா உனக்கு. டாக்டர் சீட்டு கொண்டா. இல்லேன்னா திங்கக்கிழமையிலேருந்து லேபிள் ஒட்டு."

வீட்டில் நூலு ஒற்றைக் கண்ணை மூடி ஊசியில் நூல் கோத்துப் பார்த்தார். முதல் தடவையே நுழைந்தது.

"கண்ணெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு," என்றாள் மனைவி. "ஒரு நாளாவது சோத்தை மூக்குல வச்சிருக்கீங்களா?"

கண் டாக்டரம்மா எல்லா எழுத்தையும் படிக்கச் சொன்னார். கடைசி வரியில் அச்சகத்தின் பெயரையும் சேர்த்தே படித்தார் நூலு.

"கண்ணுல ஒண்ணுமில்லையே. எதை இடிக்கிறீங்க?"

"ஆறாவது தட்டுப் பெட்டியைங்க. தள்ளி இருக்கிற மாதிரியே தெரியுது. போனா பக்கத்துல நிக்குது."

"பெட்டி மாறிச்சா?"

"அதே நீலங்க. அதே பொண்ணு படம்."

"அளந்தீங்களா? அவ்வளவு உயரத்துல ரெண்டு கண்ணும் சேந்து சொல்ற கணக்கு கொஞ்சம்தான். மிச்சத்தை மூளை பழக்கத்துலதான் போடும். தெரிஞ்ச பொருள் சின்னதாத் தெரிஞ்சா, தூரத்துல இருக்குன்னு முடிவு கட்டிடும்."

நூலு நேரே கிடங்குக்கு வந்து டேப்பை எடுத்தார். பழைய பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. பக்கத்தில் புதியதை வைத்தார். உயரத்தில் நாலு விரல் குறைவு, அகலத்திலும் அப்படியே. படத்துப் பெண்ணையும் அதே கணக்கில் சுருக்கியிருந்தார்கள். சிரிப்பில் மட்டும் குறை வைக்கவில்லை. விலை ஏறவில்லை என்று வாங்குகிறவர்கள் மகிழ்வதற்காகச் செய்த ஏற்பாடு. அதில் முதலில் ஏமாந்தது, அதே கம்பெனியில் சம்பளம் வாங்கும் நூலுவின் மூளை.

அவருக்கு உட்கார்ந்து அழலாம் போலிருந்தது, சந்தோஷத்தில்.

மேற்பார்வையாளர் சீட்டைப் படித்தார்: 'கண்கள் நலம். பெட்டியைப் பரிசோதிக்கவும்.' பிறகு டேப்பைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுய்யா. வண்டிய நீயே ஓட்டு."

டாக்டரம்மா சொன்னபடி, சாப்பாட்டு வேளையில் புதுப் பெட்டியை முன்னால் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் நூலு, மூளைக்கு அளவு பிடிபடட்டும் என்று.

"என்ன நூலு, பொண்ணு பாக்குறியா?" என்றான் லாரிக்காரன்.

"பழைய ஆளுதான்ப்பா. இளைச்சுப் போயிருக்கா. என்னன்னு விசாரிக்கிறேன்."

நாலாம் நாள் ஆறாவது தட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனார். கீழே மேற்பார்வையாளர், முன்னெச்சரிக்கையாகத் தலைக்குத் துண்டு கட்டி நின்றார். வண்டி நின்றது, பெட்டிக்கு நூல் இடைவெளியில்.

"துண்டை அவுக்கலாங்க," என்றார் நூலு மேலே பார்த்தபடியே.