முனாஸ் தடவிப் படித்த எழுத்துகள்

காத்தான்குடியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் முனாஸின் காதில் பென்சில் இல்லாத பகலை யாரும் கண்டதில்லை. கதவு, யன்னல், கட்டில், அலுமாரி என்று முப்பது வருடத்துக்கு மேலாக மரத்தோடு கிடக்கிற மனிதர். அவர் கையால் இழுத்த கோட்டில் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தாலும் நூலளவு பிசகு இராது. ஆனால் அதே பென்சிலால் ஒரு சொல் எழுதச் சொன்னால் கை மரத்துப்போகும்.

வாசிப்பார். பஸ் பெயர்ப்பலகை, பத்திரிகைத் தலைப்பு எல்லாம் மெதுவாக வாசித்து விளங்கிக்கொள்வார். எழுதத்தான் வராது. ஐந்து வயதில், பென்சில் பிடித்த முதல் நாளே, ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதச் சொன்னார்கள். சுழிக்கத் தெரியாத பிஞ்சு விரல் அழுத்தி அழுத்தி எழுதியதில் கொப்பி கிழிந்தது. கிழிந்ததற்கு அடியும் விழுந்தது. பிறகு போர் மூண்டு, பிரச்சினைக் காலம் வந்து பள்ளிக்கூடம் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தது. பத்து வயதில் வாப்பாவோடு பட்டறைக்குப் போனவர் பிறகு கொப்பியின் பக்கம் திரும்பவில்லை. வேலைக்கான விலைச் சிட்டை முதல் எழுத வேண்டியதையெல்லாம் மனைவி ஸகியா எழுதிக் கொடுப்பார். வெட்டிய பலகை எது எங்கே பொருந்தும் என்பதற்கு முனாஸிடம் சொந்த அடையாளங்கள் இருந்தன. இடப்பக்கத்துக்கு முக்கோணம், மேலுக்கு வட்டம், இப்படி.

போன வருடம் தை மாதம், நாவற்குடாவில் முன்பள்ளி நடத்தும் கேதீஸ்வரி டீச்சர் பட்டறைக்கு வந்தார். மொண்டிசோரிப் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தார். சிறு பலகைகளில் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, தச்சர்கள் மரம் தேய்க்கும் சொரசொரத்த தாளில் வெட்டி ஒட்டியதாக வேண்டும் என்றார். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. அதோடு வட்டமும் முக்கோணமும் முட்டை வடிவமும் வெட்டிய சட்டங்கள். பிள்ளைகள் அவற்றின் உள்விளிம்பில் பென்சிலை ஓட்டிக் கை பழகுவதற்கு.

ஆறு எழுத்தைப் பெரிதாக வரைந்த கடதாசி ஒன்றை நீட்டி, ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் ‘நானா’ என்று அழைத்தார். “மிச்சமும் இதே அளவுதான் நானா. ஒங்களுக்குத் தெரியும்தானே?”

“ஓம், ஓம்” என்றார் முனாஸ். தெரியாது என்று சொல்ல நாக்கு வளையவில்லை.

ஆறும் அச்சுப்போல வந்தன. மற்றவற்றைப் பழைய பத்திரிகையைப் பார்த்து வெட்டினார். மகள் இர்ஷானாவின் புத்தகத்தைக் கேட்கலாம்தான், வெட்கம் விடவில்லை. பொடி எழுத்தில் சுழி எண்ணுவது லேசான வேலையில்லை. எப்படியோ இரண்டு கிழமையில் முடித்து அடுக்கி வைத்தார்.

டீச்சர் வந்து ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்துத் தடவிப் பார்த்தார். இரண்டு பலகைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“நானா, ‘ண’வும் ‘ன’வும் ஒண்டாத்தானே இருக்கு? இதுக்கு ரெண்டு சுழிதான் வரும். ஒங்கட பேரில வாற ‘ன’.”

முனாஸின் முகம் வெந்துபோனது. மரத்தூளைக் கையால் தட்டினார். ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பியிருக்கலாம். ஏனோ அன்று சொல்லத் தோன்றவில்லை.

“எனக்கு எழுத வராது, டீச்சர்.”

அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டீச்சர் சிரிக்கவில்லை, பரிதாபப்படவும் இல்லை.

“எழுதவே வேணாம் நானா. என்ட புள்ளையளுக்கும் எழுத வராது. அதுகளுக்கு முதல்ல பென்சில் குடுக்கிறல்ல. விரலால தடவி, சத்தத்தைச் சொல்லும்கள். விரலுக்கு வழி தெரிஞ்ச பிறகுதான் பென்சில். நீங்களும் தடவிப் பாருங்க. விரல் எங்க தடங்குதோ அங்க ஒட்டுப் பிழை. திருத்திப்போடுங்க.”

பட்டறையிலேயே அமர்ந்து, முப்பது எழுத்தையும் பெரிதாக வரைந்து கொடுத்தார். ஒவ்வொன்றிலும் விரல் தொடங்க வேண்டிய இடத்தில் பச்சைப் புள்ளி வைத்தார். போகும் திசைக்குச் சின்ன அம்புக்குறி போட்டார்.

அதன் பிறகு முனாஸுக்கு அதுவே வேலையாகிப்போனது. தாளைத் துண்டு துண்டாக ஒட்டிய இடத்திலெல்லாம் விரல் இடறியது. பிரித்தெடுத்து, ஓர் எழுத்தை ஒரே துண்டாக வெட்டினார். மறுபடி தடவினார். ‘இ’ ஒரு தரத்தில் சரிவந்தது. ‘ஐ’ மூன்று தரம் ஆனது. ‘ஞ’ ஒரு கிழமை அவரைப் படுத்தியது. டீச்சர் சொன்னபடி, தடவும்போது சத்தத்தையும் சொன்னார். வாசித்துப் பழகிய கொம்பையும் காலையும் புள்ளியையும் வெறும் பலகையில் விரலால் சேர்த்துப் பார்த்தார். ஒரு நாள் ஸகியா வாசலில் வந்து நின்றார்.

“இஞ்சருங்க, ஆரோட கதைக்கிறீங்க?”

“‘ஞ’வோட.”

ஸகியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் அடுத்த நாள் பலகைகளைத் துடைத்து அடுக்கித் தந்ததும் அவர்தான்.

மாசி கடைசியில் முனாஸ் பலகைப் பெட்டியை முன்பள்ளிக்குக் கொண்டுபோனார். பாயில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாலு வயதுச் சிறுமி ஒருத்தி ‘ழ’ பலகையை மடியில் வைத்துக் கீழிருந்து மேலாகத் தடவினாள். முனாஸ் தன்னை அறியாமல் குனிந்துவிட்டார்.

“அங்க இல்ல மகள். இஞ்ச இரிந்து தொடங்கணும். பச்சைப் புள்ளியப் பாருங்க.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சொன்ன இடத்தில் விரலை வைத்து, “ழ…” என்று இழுத்துக்கொண்டே தடவி முடித்தாள். விரல் எங்குமே இடறவில்லை. அவள் வாய் விரியச் சிரித்தாள். தன்னையும் இப்படித் தொடங்க வைத்திருந்தால் என்று முனாஸுக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, இந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததே, அது போதும் என்றிருந்தது.

பிறகு பெருநாள் வேலை குவிந்தது. வந்தாறுமூலையில் ஒரு வீட்டுக்குப் பதினான்கு யன்னல். ஒரு காலை வெட்டு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தேநீர் கொண்டுவந்த ஸகியா பலகை அடுக்கைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“இத ஆரு எழுதின?”

“எத?”

பலகை ஓரத்தில் பென்சிலால் ‘யன்னல் மேல்’ என்று இருந்தது. அதற்கடுத்ததில் ‘யன்னல் இடது’. முக்கோணமும் இல்லை, வட்டமும் இல்லை. கை தன்பாட்டில் எழுதிவிட்டு அடுத்த பலகைக்குப் போயிருந்தது. எழுத்துகள் சற்றே பருத்து, குண்டுகுண்டாக, மரத்தில் பதிந்து கிடந்தன. ஒவ்வொரு ‘ன’விலும் இரண்டே இரண்டு சுழி.

முனாஸ் மரம் அறுக்கும் வாளைக் கீழே வைத்துவிட்டு மரக்குற்றியில் அமர்ந்தார். தேநீர் ஆறிப்போகும்வரை அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் ஸகியா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனி சிட்டையும் நீங்களே எழுதுங்க. என்ட கை ஆறட்டும்” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையே ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும், மகளிடம் கொப்பித் தாள் ஒன்று கேட்டார். இப்போது கேட்க வெட்கமாக இல்லை. இர்ஷானா தாளைக் கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. அடுத்த நாள் காலை அந்தத் தாளை நாவற்குடாவுக்குக் கொண்டுபோய்க் கேதீஸ்வரி டீச்சரின் கையில் கொடுத்தார். அதில் இப்படி இருந்தது:

“டீச்சருக்கு முனாஸ் எழுதுவது. நான் நாற்பத்தி நாலு வயதில் எழுதும் முதல் கடிதம். பிழை இருந்தால் மன்னிக்கவும். என்னை நீங்கள் கேவலமாகப் பார்க்கவில்லை. விரலால் தடவத்தான் சொன்னீர்கள். அல்லாஹ் உங்களுக்கும் உங்கட பிள்ளைகளுக்கும் நல்லதையே தரட்டும்.”

டீச்சர் இரண்டு தரம் வாசித்தார்.

“புள்ளையளும் இப்பிடித்தான் நானா” என்றார். “நாங்க எழுதச் சொல்றல்ல. ஒரு நாள் அதுகளாவே சோக்கட்டி எடுத்து நிலத்தில எழுதிப்போட்டு ஓடி வந்து சொல்லும்கள். அண்டைக்கு எனக்கு வாற சந்தோசம்… அது இண்டைக்கும் வந்திருக்கு.”

“நான் ஓடி வரல்ல டீச்சர், மோட்டார் சைக்கிள்ல வந்த.”

இருவரும் சிரித்தார்கள்.

டீச்சரின் சிநேகிதி சீதேவி பெரியகல்லாற்றில் முன்பள்ளி வைத்திருக்கிறார். அங்கே இதுபோல ஒன்றும் இல்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. முனாஸ் வேறொன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில், வேலைக்கு இடையே கிடைத்த நேரத்தில் இன்னொரு தொகுதி செய்தார். இந்தத் தடவை கடதாசியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் முதலில் தன் கையாலேயே பலகையில் எழுதி, அதன்மேல் தாளை வெட்டினார். பெட்டியின் மூடியில் நீலப் பெயின்றால் ‘பெரியகல்லாறு முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு’ என்று எழுதினார். பெயின்ற் காயும்வரை யாரும் தொட்டுவிடக் கூடாதென்று பக்கத்திலேயே நின்றார்.